அத்தியாயம் 3: கேட்பதற்கு முன் கணக்குச் சொல்லுங்கள்
(வாய்க்கால் பாசன சங்கத் தலைவர்களுக்கு)

சம்பளம் வாங்கும் அதிகாரியிடம் கணக்குக் கேட்பது எளிது. உங்களிடம் கேட்பதுதான் கடினம். சொந்த வண்டியில் சொந்தக் காசுக்குப் பெட்ரோல் போட்டுப் பொறியாளர் அலுவலகத்துக்கு அலைகிறீர்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மாதம்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு அரை நாள் காத்திருக்கிறீர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மதகில் தகராறு என்றால் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போகிறீர்கள். இப்படிப்பட்ட மனிதரிடம் போய், "போன வருஷம் மாவுக்கு இவ்வளவுன்னு வாங்கினீங்களே, அது என்னாச்சு?" என்று கேட்க ஊரில் யாருக்கும் வாய் வராது.

வாய் வராததால் சந்தேகம் தீர்ந்துவிடுவதில்லை. அது டீக்கடைக்குப் போகிறது. அங்கே இரண்டு வருஷம் ஊறி, மூன்றாம் வருஷம் வசூலுக்குப் போகும்போது "இப்போ கையில இல்லை" என்ற பதிலாக வந்து நிற்கிறது. டெல்டாவில் எத்தனையோ நல்ல சங்கங்கள் படுத்துப்போனதற்குத் திருட்டு காரணமில்லை. நேர்மையான தலைவர், தன் நேர்மை ஊருக்கே தெரியும் என்று நம்பி, எதையும் எழுதாமலும் வாசிக்காமலும் விட்டதுதான் காரணம். சம்பளம் வாங்காமல் உழைப்பவருக்குக் கணக்குச் சொல்லும் கடமை அதிகம், ஏனென்றால் அவரிடம் கேட்பவர்கள் குறைவு. இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா யோசனைகளும் இந்த ஒரு கருத்திலிருந்து பிறந்தவை.

யார் உறுப்பினர்?

டெல்டாவில் ஏ, பி வாய்க்கால்கள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அவற்றிலிருந்து பிரிந்து வயலுக்குப் போகும் சி, டி வாய்க்கால்களை வேளாண் பொறியியல் துறை அவ்வப்போது தூர்வாரித் தருகிறது. மீதி நாளெல்லாம் அவற்றைப் பார்த்துக்கொள்வது ஊர்தான். பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்காகத் தமிழக அரசு 2000-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி தேர்தல் நடத்தி அமைக்கப்பட்ட நீரினைப் பயன்படுத்துவோர் சங்கமாக உங்களுடையது இருக்கலாம். 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்ததாக இருக்கலாம். எதிலும் பதியாத ஊர்ப் பொதுவாகவும் இருக்கலாம். எதுவானாலும் முதல் வேலை உறுப்பினர் பட்டியல்தான்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சிட்டா வாங்கி, அதிலுள்ள பெயர்களை அப்படியே நோட்டில் இறக்கிவிடுகிறார்கள். பட்டாவில் பெயர் இருப்பவர் சென்னையில் இருப்பார். பாட்டன் பெயரிலேயே பட்டா கிடக்கும் நிலங்கள் உண்டு. கோயில் நிலமும் மடத்து நிலமும் குத்தகைக்கு ஓடுகிற தஞ்சாவூர்ச் சீமையில், வரப்பில் மண்வெட்டியோடு நிற்பவர் பெயர் பல இடங்களில் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. சிட்டாவை மட்டும் நம்பினால் தண்ணீர் பாய்ச்சுகிற ஆள் சங்கத்துக்கு வெளியே நிற்பார்.

ஆகவே பட்டியலில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்று நிலத்துக்காரர், இன்னொன்று பயிர் செய்பவர். குத்தகைதாரர் பெயரை எழுதினால் நாளைக்கு உரிமை கொண்டாடுவாரோ என்று சில நிலத்துக்காரர்கள் பயப்படுவார்கள். 1969-இல் குத்தகை உரிமைப் பதிவுக்கென்று சட்டம் வந்த பிறகும் வாய்மொழிக் குத்தகை இத்தனை நீடிப்பதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். 'தண்ணீர் முறைக்கும் பராமரிப்பு வசூலுக்கும் தயாரித்த பட்டியல்' என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பேச்சு அதோடு அடங்கும். பயிர் செய்பவருக்குக் கூட்டத்தில் பேசவும் கை தூக்கவும் உரிமை கொடுங்கள். உங்கள் சங்கம் சட்டப்படி அமைந்தது என்றால், வாக்குரிமை யாருக்கு என்பதை அந்தச் சட்டத்தின் விதியே முடிவு செய்யும். ஆனால் அழைப்பதையும் பேச விடுவதையும் எந்த விதியும் தடுக்கவில்லை.

கூட்டம் எங்கே நடக்கிறது என்பதும் இந்த மண்ணில் சிறிய விஷயமல்ல. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலிப் போராட்டத்தின் உச்சத்தில், 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அது வேறெங்கோ நடந்ததல்ல, காவிரிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர். யார் வீட்டுத் திண்ணையில் யார் ஏறலாம், யார் கீழே நிற்க வேண்டும் என்ற நினைவு இன்னும் அழியவில்லை. எனவே தனியார் திண்ணை வேண்டாம், கோயில் மண்டபமும் வேண்டாம். பள்ளிக்கூடமோ ஊராட்சிக் கட்டடமோ போதும். நாற்காலி என்றால் எல்லோருக்கும் நாற்காலி, பாய் என்றால் எல்லோருக்கும் பாய். கூட்டச் செய்தியைத் தண்டோரா போட்டுச் சொல்லும் வழக்கம் இன்னும் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஒரு சாதியின் தலையில் கட்டிய அந்த வேலையைக் கைவிடும்படி 2022-இல் தமிழக அரசே சொல்லியாயிற்று. ஒலிபெருக்கியும் வாட்ஸ்அப்பும் மதகுச் சுவரில் ஒட்டும் தாளும் இருக்கின்றன.

நிர்வாகக் குழுவில் தலைமடைக்காரர்களே நிறைந்திருப்பது டெல்டாவின் பழைய நோய். தண்ணீர் முதலில் வருகிற இடத்தில் வசதி இருக்கும், வசதி இருக்கும் இடத்தில் நேரமும் இருக்கும். இதற்கு ஒரு விதி எழுதினால் போதும்: கடைமடை உறுப்பினர் ஒருவராவது இல்லாத கூட்டத்தில் தண்ணீர் முறையைப் பற்றித் தீர்மானம் போடக் கூடாது. ராபர்ட் வேட் என்ற அறிஞர் ஆந்திராவின் கர்னூல் மாவட்டத்துக் கால்வாய்க் கிராமங்களை ஆராய்ந்து 1988-இல் ஒரு நூல் எழுதினார். அங்கே பொது நீர்க்காவலரை நியமித்துப் பொது நிதியோடு உறுதியாக இயங்கியவை பெரும்பாலும் கால்வாயின் கடைப்பகுதிக் கிராமங்கள். தண்ணீர் வராமல் போய்விடுமோ என்ற கவலை இருப்பவன்தான் சங்கத்தைக் கட்டிக் காப்பாற்றுவான் என்பதை நம் கடைமடையிலும் பார்க்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப்போட்ட பிறகு பேராவூரணி வட்டாரத்தில் கைஃபா அமைப்பின் இளைஞர்கள் ஏரி குளங்களைத் தூர்வாரக் கிளம்பினார்கள். அவர்கள் பெயரிலேயே கடைமடை என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள்.

தீர்மானப் புத்தகம்

பல சங்கங்களின் தீர்மானப் புத்தகத்தைத் திறந்தால் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: "வாய்க்கால் தூர்வாருவது குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." எதை, எங்கிருந்து எங்கே, யார், எப்போதைக்குள், எந்தப் பணத்தில் என்று ஒன்றும் இல்லை. ஆறு மாதம் கழித்து இதைப் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. "ஏகமனதாக" என்ற சொல்லில் எனக்கு நம்பிக்கை கிடையாது. முப்பது விவசாயிகள் உட்கார்ந்து தண்ணீரைப் பற்றிப் பேசி எல்லோரும் ஒத்துப்போனார்கள் என்றால், அங்கே பாதிப் பேர் வாயைத் திறக்கவில்லை என்றே பொருள்.

மாதிரிக்கு இப்படி எழுதிப் பாருங்கள்:

"பெரிய மதகு முதல் சாலைப் பாலம் வரை 400 மீட்டர் நீளத்துக்குக் காட்டாமணக்கு அகற்றுவது பற்றிப் பேசப்பட்டது. ஆள் வைத்தால் ஆகும் செலவு, பொக்லைன் வைத்தால் ஆகும் செலவு இரண்டும் வாசிக்கப்பட்டன. பொக்லைன் ஏறினால் கரை இளகி மழையில் உடையும் என்று கடைமடை உறுப்பினர் இருவர் சொன்னார்கள். இருந்தும் பொக்லைன் வைத்தே அகற்றுவது என்று முடிவானது. ஆதரவு 11, எதிர்ப்பு 4. வசூல் மாவுக்கு 60 ரூபாய். மே 20-க்குள் முடிக்க வேண்டும். மேற்பார்வைக்கு நடுமடையிலிருந்து ஒருவர், கடைமடையிலிருந்து ஒருவர்."

மேற்பார்வையாளர் பெயர்களையும் எழுத வேண்டும். எதிர்த்த நான்கு பேர் இதில் தோற்றவர்களாகத் தெரியவில்லை. அவர்கள் சொன்னது புத்தகத்தில் இருக்கிறது, எண்ணிக்கையும் இருக்கிறது. பின்னால் கரை உடைந்தாலும் உடையாவிட்டாலும் யாரும் "நான் அன்றைக்கே சொன்னேன்" என்று சண்டைக்கு வர வேண்டியதில்லை, புத்தகத்தைப் புரட்டினால் போதும். கூட்டம் கலைவதற்கு முன் எழுதியதை உரக்க வாசித்துக் கையெழுத்து வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு தீர்மானம் எழுதும் பழக்கம் எந்தச் சங்கத்தில் இருந்தாலும் அதற்கு அவசரம், வசதி என்று எந்தச் சமாதானத்தையும் ஏற்க முடியாது.

பணம்

கல்வெட்டில் ஒரு பாடம் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டியவை, குடவோலை முறைக்காக நாம் பெருமை பேசுபவை. குடத்தில் ஓலை போட்டுச் சிறுவனை விட்டு எடுத்த கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது யார் நிற்கக் கூடாது என்ற பகுதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது. அண்மையில், மூன்றாண்டுக்குள், வாரியத்தில் இருந்தவரும் நிற்க முடியாது. ஏரி வாரியத்துக்கும் இதே விதிதான். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே, பொது வேலை பார்த்தவன் கணக்கை ஒப்படைக்காமல் தப்பிக்கக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அதே கல்வெட்டில் நிலமும் வேதப் படிப்பும் தகுதியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. அது பிராமணர்களின் சபை. உழுதவருக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. அந்தக் கதவை மூடிய விதிகளை விட்டுவிட்டுக் கணக்கு விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நடைமுறைக்கு வருவோம். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று இருக்க வேண்டும். இருவரும் ஒரே குடும்பத்தவராக இருக்கக் கூடாது. வசூலுக்கு எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம். கொடுத்த கூலிக்குக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிய சீட்டு. கையிருப்பாக எவ்வளவு வரை வைத்துக்கொள்ளலாம் என்று பேரவையிலேயே தொகை குறிப்பிட்டு முடிவு செய்யுங்கள். அதற்கு மேல் வந்தது மறுநாள் வங்கிக்குப் போக வேண்டும். இவ்வளவுதான், இதில் புரியாதது எதுவும் இல்லை.

புரிந்தும் செய்யாமல் விடுவது எங்கே என்றால் "கைக்காசு" என்ற இடத்தில். வாய்க்கால் அடைத்துக்கொண்டது, ஆள் உடனே வேண்டும், தலைவர் பையிலிருந்து இரண்டாயிரம் எடுத்துக் கொடுக்கிறார். நல்ல மனது. ஆனால் அந்த இரண்டாயிரம் நோட்டில் ஏறாது. தீபாவளி சமயத்தில் பணமுடை வரும்போது சங்கப் பணத்திலிருந்து இரண்டாயிரத்தை எடுத்துக்கொள்வார். அதுவும் நோட்டில் ஏறாது. அவர் மனசுக்குள் கணக்கு நேராகிவிட்டது. ஊர் பார்த்தது கடைசியில் எடுத்ததை மட்டும்தான். அதனால் சங்கத்துக்காக நீங்கள் போடும் ஒவ்வொரு ரூபாயையும் அன்றைக்கே "தலைவரிடம் கடன்" என்று எழுதுங்கள், அல்லது "நன்கொடை" என்று எழுதுங்கள். இரண்டில் எது என்பதை அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள், பிறகு மாற்றாதீர்கள்.

அரசுப் பணம் வரும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். 2017-இல் குடிமராமத்துத் திட்டத்தைத் தமிழக அரசு மீண்டும் தொடங்கியபோது, வேலை மதிப்பில் 10 சதவீதத்தைப் பாசனதாரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்று வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் சில இடங்களில் பெயருக்குச் சங்கம், வேலைக்கு ஒப்பந்ததாரர் என்ற புகார் எழுந்தது. சங்கத் தலைவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, அந்த 10 சதவீதத்தையும் ஒப்பந்ததாரரே கட்டிவிடுவார். "ஊருக்குச் செலவில்லாம வேலை நடந்துச்சே தம்பி" என்று பெரியவர்களே சொல்வார்கள். ஊர் தன் பங்கைப் போடாத வேலையில் ஊருக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் போய்விடும். மதிப்பீட்டு நகல், நீள அகலம், தொகை மூன்றையும் வேலை தொடங்கும் முன் மதகுச் சுவரில் ஒட்டுங்கள். முடிந்ததும் அங்கேயே அளந்து காட்டுங்கள். ஒட்ட மறுக்கும் வேலைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கணக்கு எழுத யார் கிடைப்பார் என்று கேட்பீர்கள். உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு 1989-இல் தர்மபுரியில் தொடங்கியது. குழுக் கூட்டத்தில் வருகை, சேமிப்பு, கடன், வட்டி எல்லாவற்றையும் எழுதி, அங்கேயே வாசித்து, கையிருப்பை எண்ணிக் காட்டும் பழக்கம் அந்தப் பெண்களிடம் வளர்ந்திருக்கிறது. வாய்க்கால் சங்கத்து ஆண்களிடம் இந்தப் பழக்கம் அபூர்வம். பல வருஷம் ஊக்குநராக இருந்த ஒருவரைப் பொருளாளராகக் கொண்டுவாருங்கள். குழுவில் பெண் ஒருவர் இருக்க வேண்டுமே என்பதற்காகச் சொல்லவில்லை. ஊரிலேயே கணக்கில் அதிகப் பயிற்சி உள்ளவர் அவர்தான்.

இனி வாசிப்பு. சம்பா, தாளடி அறுவடை முடிந்து, மாசியிலோ பங்குனியிலோ ஆண்டுப் பேரவையைக் கூட்டுங்கள். அச்சடித்து விநியோகித்தால் போதாது. படிக்கத் தெரியாதவர்கள் இருப்பார்கள், படிக்கத் தெரிந்தவர்களும் படிக்க மாட்டார்கள். வரவு ஒவ்வொன்றும் செலவு ஒவ்வொன்றும் உரக்க வாசிக்கப்பட வேண்டும். பயிற்சிக் கூட்டங்களில் நான் இதை நடித்துக் காட்டச் சொல்வதுண்டு. ஒருவர் தலைவராக நின்று வாசிப்பார், இன்னொருவர் கடைமடைக்காரராக எழுந்து கேட்பார். "டீச்செலவு எண்ணூத்தி நாப்பதுன்னு போட்டிருக்கே, ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குங்க?" என்று கேட்டதும் தலைவராக நிற்பவர் முகம் மாறும். சிலர் "எண்ணூறு ரூபாய்க்கா இவ்வளவு பேச்சு" என்று கோபப்படுவார்கள். சரியான பதில் சீட்டை எடுத்துக் காட்டுவது, பிறகு "நல்ல கேள்வி பெரியப்பா, அடுத்த வருஷம் நாள் வாரியா எழுதுறோம்" என்று சொல்வது. சின்னத் தொகையைக் கேட்டுப் பழகிய பிறகுதான் ஊர் பெரிய தொகையைக் கேட்கும். அதனால் எண்ணூறு ரூபாய்க் கேள்வியைக் கூட்டத்தில் வைத்து அடக்காதீர்கள்.

தண்ணீர் முறையும் தகராறும்

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இல் நீர் இருப்பு இல்லாமல் ஜூலை 28 வரை போயிற்று. ஆகவே உங்கள் முறைப் பட்டியலில் தேதி போடாதீர்கள். தலை மதகில் தண்ணீர் வந்த நாளை முதல் நாளாக வைத்து, முதல் நாள், நான்காம் நாள் என்று எழுதுங்கள். வயல் விட்டு வயல் பாயும் நம் ஊரில் ஒருவர் மடையை அடைத்தால் கீழே பத்து வயல் காயும். எனவே எந்த மடை எத்தனை மணி நேரம் திறந்திருக்கும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தலைவரின் வயல் எந்த மடையில் இருந்தாலும், தண்ணீர் குறைவான வருஷத்தில் அந்த மடையின் முறையில் அவர் வயலுக்குக் கடைசியில் பாயட்டும். இதை விதியாக எழுதிவிட்டால் தலைவர் பெருந்தன்மை காட்ட வேண்டிய அவசியம் இல்லை, சந்தேகத்துக்கும் இடமில்லை.

முறை தவறியவரை முதல் தடவையே பெரிய அபராதத்தில் தள்ளினால் அவர் போலீஸுக்கோ கட்சிக்காரரிடமோ போவார். எச்சரிக்கை, சிறு அபராதம், பிறகு பெரியது என்று படிப்படியாகப் போவதே நிலைக்கும். பொது வளங்களை மக்களே காத்த இடங்களை உலகெங்கும் ஆராய்ந்து 2009-இல் நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் கண்டதும் இதுதான். தண்டனை சிறிதாகத் தொடங்க வேண்டும், வழக்கைத் தீர்க்கும் இடம் அருகிலும் செலவில்லாமலும் இருக்க வேண்டும். ஸ்பெயினின் வலென்சியாவில் வாய்க்கால் விவசாயிகள் தேர்ந்தெடுத்த நடுவர்கள் வியாழன்தோறும் நண்பகலில் தேவாலய வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வழக்கு கேட்கிறார்கள். வக்கீல் இல்லை, எல்லாம் வாய்மொழி, தீர்ப்பு அன்றைக்கே. நாமும் பாசனக் காலத்தில் வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், மதகடியில் மூன்று பேர் உட்கார்ந்தால் போதும். அந்த மூவரில் தலைவர் இருக்கக் கூடாது. மடையைத் திறக்கச் சொல்பவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒருவராக இருந்தால் வழக்கோடு வர யாருக்கும் தைரியம் இருக்காது.

பொறுப்பு மாறும்போது

தலைவர் பதவிக்குக் கால வரம்பு வையுங்கள். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். "அவரை விட்டா ஆளில்லை" என்று ஊர் சொன்னால், அடுத்த ஆளை அவர் தயார் செய்யவில்லை என்று பொருள். துவாக்குடியில் 1984 முதல் இயங்கும் நீர்ப்பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையத்தில் சங்கப் பொறுப்பாளர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். வாய்ப்பு வந்தால் நீங்கள் போவதோடு, பதவியில் இல்லாத ஒரு இளைஞரையும் ஒரு பெண்ணையும் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். போய் வந்தவர்கள் அடுத்த கூட்டத்தில் கற்றதைச் சொல்ல வேண்டும் என்பதையும் தீர்மானமாகப் போடுங்கள்.

ஒப்படைப்பைப் பேரவையிலேயே, எல்லோர் முன்னிலையிலும் செய்யுங்கள். தீர்மானப் புத்தகங்கள், ரசீதுப் புத்தகங்களில் பயன்படுத்தாத தாள்களின் எண், வங்கிப் புத்தகம், காசோலைத் தாள்கள், முத்திரை, மதகுச் சாவி, வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பு, அதிகாரிகளுக்குக் கொடுத்த மனுக்களின் நகல், தலைவரிடம் சங்கம் பட்ட கடன் பாக்கி, சங்கத்துக்கு வரவேண்டிய பாக்கி. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வாசித்து, பழையவரும் புதியவரும் கையெழுத்திட வேண்டும். வங்கியில் கையெழுத்து மாற்றும் படிவத்தை அன்றைக்கே நிரப்பி, மறுநாள் இருவரும் சேர்ந்து போய்க் கொடுத்துவிடுங்கள். இந்த வேலை சித்திரைக்குள் முடிய வேண்டும். மேட்டூரில் தண்ணீர் திறந்த பிறகு வங்கி வாசலில் நிற்க யாருக்கும் நேரம் இருக்காது, மதகில் ஆள் வைக்க அன்றைக்கே பணம் எடுக்க வேண்டியிருக்கும்.